பற்றவும் விடவும் ஆற்றல்

ஓர் உயிர் பிரிந்த இல்லத்தில் பெரியவர்கள் முதலில் செய்யும் பணிகள் சில உள. விழிகளை மூடுவர், தாடையைத் துணியால் சேர்த்துக் கட்டுவர், கை கால் மூட்டுகளை மெல்ல மடக்கி நீட்டி வைப்பர். காலம் தாழ்ந்தால் மையித்தைக் குளிப்பாட்டுவதும் கஃபனிடுவதும் கடினமாகும் என்பது அவர்கள் வழிவழியாக அறிந்த செய்தி. இளமையில் இதனைக் கண்டபோது எனக்கோர் ஐயம் எழுந்தது. உழைக்கும்போதுதானே தசை இறுகுகிறது? ஆற்றல் நீங்கிய உடல் துவண்டு கிடப்பதன்றோ இயல்பு? அஃது ஏன் விறைக்கிறது?

உயிரணு எவ்வாறு ஆற்றலை ஆக்குகிறது, அதனைக் கொண்டு எவ்வாறு அசைகிறது என்பவற்றை அறிந்தால் விடை கிடைக்கும். தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கும் அறிவியல் துறை நண்பர்கள் பொறுத்தருள்க.

நாம் உண்ணும் சோறு குளுக்கோசாகிக் குருதிவழி உயிரணுவை அடைகிறது. அங்கே அது விறகுபோல் ஒருங்கே எரிந்துவிடுவதில்லை. படிப்படியாகச் சிதைந்து, தன் ஆற்றலில் ஒரு பகுதியை அடினோசின் டிரைபாஸ்பேட் என்னும் சிறு மூலக்கூற்றை ஆக்குவதற்குத் தருகிறது. சுருக்கமாக இதனை ஏ.டி.பி. என்பர். இதிலுள்ள மூன்று பாஸ்பேட்டுகளுள் கடைசியானது நீருடன் வினைபுரிந்து பிரியும்போது கிடைக்கும் ஆற்றலே உயிரணுவின் பெரும்பாலான வேலைகளை நடத்துகிறது.

ஏ.டி.பி. மிகுதியாக உருவாகும் இடம் மைட்டோகாண்டிரியா. தமிழில் இதனை இழைமணி என்பர். கிரேக்க மொழியில் 'மைட்டோஸ்' என்பது இழை. 'காண்டிரியான்' என்பது சிறுமணி. நூல் பிடித்தாற்போல் அமைந்த மொழியாக்கம்! நூற்பாலைகளோடு வளர்ந்த சிங்காநல்லூர் மாணவர்க்கு இழை என்னும் சொல்லை விளக்க வேண்டுவதில்லை.

ஆலைகள் என்றதும் பைக்காரா நினைவுக்கு வருகிறது. 1932-ஆம் ஆண்டில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின் கோவை வட்டாரத்தில் ஆலைகள் பெருகிய வரலாற்றைப் பெரியவர்கள் அறிவர். உயரத்தில் தேங்கிய நீர் குழாய்வழி வீழ்ந்து சுழலியைச் சுற்ற, மின்சாரம் பிறக்கிறது. இழைமணியிலும் ஏறத்தாழ இதுவே நிகழ்கிறது. உணவிலிருந்து பெற்ற எலெக்ட்ரான்கள் நாம் சுவாசித்த ஆக்சிஜனை நோக்கிச் செல்கின்றன. அவ்வழியில் வெளிப்படும் ஆற்றலால் புரோட்டான்கள் உட்சவ்வின் ஒருபுறம் இறைத்துத் தேக்கப்படுகின்றன. தேங்கியவை சவ்விலுள்ள ஒரு நொதியின் வழியே மீண்டும் பாயும்போது, அந்நொதியின் ஒரு பகுதி உண்மையாகவே சக்கரம்போல் சுழன்று ஏ.டி.பி.யை ஆக்குகிறது. இத்தேக்கக் கருத்தைப் பீட்டர் மிட்சல் 1961-இல் வெளியிட்டபோது அறிஞர் பலர் ஏற்கவில்லை. 1978-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆக்சிஜன் இருப்பின் ஒரு குளுக்கோசிலிருந்து ஏறத்தாழ 30 ஏ.டி.பி. கிடைக்கும், இல்லையேல் இரண்டே. சேர்த்து வைக்கவும் வழியில்லை. உயிரணு ஓர் அன்றாடங்காய்ச்சி. நொடிக்கு நொடி ஈட்டிச் செலவிடுகிறது. ஒரு நாளில் நம் உடல் செலவிட்டு மீண்டும் ஆக்கும் ஏ.டி.பி.யைக் கூட்டினால், அஃது ஏறத்தாழ நம் உடல் எடைக்கு நிகராகும்.

இதன் கண்டுபிடிப்பில் சென்னையில் பயின்ற ஒருவருக்குப் பங்குண்டு என்பதை நம் மாணவருள் எத்தனை பேர் அறிவர்? 1895-இல் பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர். கதராடை அணிந்தமையால் ஆங்கிலப் பேராசிரியரின் சினத்திற்கு ஆளானார், எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டாமல், அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றே பெற்றார். அமெரிக்கா சென்று ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க்குடன் பணியாற்றி, பாஸ்பரசை அளக்கும் முறையை 1925-இல் வகுத்தார். ஏ.டி.பி. தீரும்போது அதனை விரைந்து புதுப்பிக்கும் பாஸ்போகிரியேட்டினை 1927-இல் இருவரும் தசையில் கண்டனர். 1929-இல் ஏ.டி.பி.யையே பிரித்தெடுத்தனர், அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமன் தனியே அதனைக் கண்டறிந்தார். சுப்பாராவுக்கு ஹார்வர்டில் நிலையான பதவி கிடைக்கவில்லை. 1948-இல் அமெரிக்காவிலேயே மறைந்தார். இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டது 1995-இல்!

இனி அசைவுக்கு வருவோம். தசையணுவினுள் ஆக்டின் என்னும் மெல்லிழைகளும் மயோசின் என்னும் தடித்த இழைகளும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. மயோசினின் தலைகள் ஆக்டினைப் பற்றி இழுக்கும், விடும், சற்று முன்னே பற்றி மீண்டும் இழுக்கும். கிணற்றில் வாளிக் கயிற்றைக் கை மாற்றி மாற்றி இழுப்பதை இதற்கு ஒப்பிடலாம். இவ்வாறு இழைகள் ஒன்றையொன்று உரசி வழுக்குவதால் தசை சுருங்குகிறது என்பதை இரு வேறு குழுக்கள் 1954-இல் வெளியிட்டன. வெள்ளணு கிருமியை நாடி ஊர்வதற்கும், மூச்சுக்குழாயின் நுண்மயிர்கள் பஞ்சுத் தூசியை மேலே தள்ளுவதற்கும் ஏ.டி.பி.யே வேண்டும்.

என் ஐயத்திற்கு விடை இங்கேதான் உள்ளது. புதிய ஏ.டி.பி. வந்து பொருந்தினால்தான் மயோசின் தன் பிடியை விடும். பற்றி இழுப்பதற்கு மட்டுமன்றி, விடுவதற்கும் அது வேண்டும். மூச்சு நின்றபின் பாஸ்போகிரியேட்டு தீர்கிறது, ஏ.டி.பி.யும் தீர்கிறது. அடைபட்டிருந்த கால்சியம் கசிந்து பிடியைத் தூண்டுகிறது. பற்றிய தலைகள் பற்றியபடியே நின்றுவிடுகின்றன, அவிழ்க்க ஆளில்லை. மரண விறைப்பு என்பது இதுவே. சில மணி நேரத்தில் தொடங்கும் இவ்விறைப்பு, புரதங்கள் சிதையத் தொடங்கியபின் தானே தளர்கிறது. பொதுவாக அது முதலில் கண்ணிமையிலும், பின்னர்த் தாடையிலும் கழுத்திலும், அதன்பின் கை கால்களிலும் புலப்படும் என்பர் மருத்துவர். மையித்தின்மேல் பெரியவர்களின் கைகள் செல்லும் வரிசையும் அதுவே.