கருகும் தட்டு
டிப்பர்களின் குதிரைச் சக்தி கூடிக்கொண்டே போகிறது. எந்த கிளட்ச் போடுவது என்பது கோலார் தங்கவயலில் சோற்றுப் பிரச்னை.

கல்குவாரிப் பள்ளத்திலிருந்து பாரத்தோடு மேலேறும் டிப்பருக்குப் பின்னால் நின்றவர்களுக்கு அந்த நாற்றம் தெரியும். எரிந்த ரப்பரும் கருகிய முடியும் கலந்தது போல இருக்கும். இன்ஜின் உறுமுகிறது, ஆர்.பி.எம். முள் ஏறுகிறது, வண்டி மட்டும் நகர மறுக்கிறது. கிளட்ச் ‘ஸ்லிப்’ ஆகிறது. வண்டி பின்னால் உருண்டுவிடுமோ என்று ஓட்டுநருக்குப் பயம். அடுத்த மாதத் தவணைக்கு என்ன செய்வது என்று உரிமையாளருக்குப் பயம். ஒற்றை வண்டிக்காரர்கள் விஷயத்தில் இருவரும் ஒரே ஆள்தான்.

கோரமண்டல், கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் ஒரு பகுதி. பங்காரப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் போகும் கிளை ரயில் பாதையில் ஒரு நிறுத்தம். பெயரைக் கேட்டுவிட்டுக் கடலைத் தேட வேண்டாம். அது இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பூமிக்குள் இறங்கிப் பொன் எடுத்த வட்டாரம் இது. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல். 2001 பிப்ரவரி 28இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. பேரப்பிள்ளைகளில் பலர் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். சிலர் ஸ்டியரிங் பிடித்துவிட்டார்கள். மாவட்டத்தில் கல்லுக்கும் ஜல்லிக்கும் எம்-சாண்டுக்கும் பஞ்சமில்லை. பெங்களூருக்குக் கட்டடப் பசி தீர்வதுமில்லை.

கிளட்ச் இந்த ஊருக்குப் புதிதல்ல. 1964இல் தொடங்கப்பட்ட பி.இ.எம்.எல். நிறுவனத்தின் தங்கவயல் தொழிற்சாலையில் புல்டோசர்கள் தயாராகின்றன. சங்கிலிப் பட்டையில் ஊரும் புல்டோசருக்கு லாரி போல ஸ்டியரிங் சக்கரம் கிடையாது. இடது பக்கம் திரும்ப வேண்டுமானால் இடது பக்க கிளட்சை விடுவித்து, அந்தப் பக்கத்துக்குப் பிரேக் கொடுக்க வேண்டும். பெரிய புல்டோசர்களில் இதற்கென்றே பல தட்டுகள் எண்ணெயில் குளித்தபடி இருக்கும். உராய்வில் பிறக்கும் சூட்டை எண்ணெய் வாங்கிக்கொண்டு போய்விடும்.

லாரியின் கிளட்சுக்கு அந்த வசதி இல்லை. அது உலர்ந்த தட்டு. ஒரு பக்கம் ஃப்ளைவீல், மறுபக்கம் பிரஷர் பிளேட். நடுவில் சிக்கிய தட்டு இரண்டு முகங்களிலும் தேய்கிறது. சூடு போவதற்கு அந்த இரண்டு இரும்புகளை விட்டால் வேறு இடமில்லை.

லாரியின் முகத்தில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்தால் கதை புரியும். பழைய 1210 என்றால் 12 டன் வண்டி, சுமார் 100 குதிரைச் சக்தி. பிறகு 1612 வந்தது. அதன்பின் 25 டன், 180 குதிரைச் சக்தி கொண்ட 2518. 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சுப் பளுவின் வரம்பை உயர்த்தியது. பத்துச் சக்கர வண்டியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன் ஆயிற்று. இப்போது ஓடுவது 2830. முன்னூறு குதிரை, 1,100 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை. கிளட்ச் தட்டின் விட்டமும் கூடவே வளர்ந்தது: 310 மில்லிமீட்டர், 352, 380, 395, கடைசியாக 430.

கம்பெனி கொடுத்த ஜோடி கம்பெனி கொடுத்தபடியே இருந்தால் பெரும்பாலும் வம்பில்லை. பழைய 25 டன் வண்டியில் புது வண்டிக்கான பாரத்தை ஏற்றும்போதும், இன்ஜின் மாற்றும்போதும், கம்ப்யூட்டரில் கை வைத்து இன்ஜினின் சக்தியைக் கூட்டும்போதும்தான் கதை மாறுகிறது. கடைசியாகச் சொன்னது புகை விதிகளுக்கு விரோதம், வாரன்டியும் போய்விடும். ஆனாலும் செய்கிறார்கள்.

ஒரு சின்னக் கணக்கு. கிளட்ச் தாங்கும் முறுக்கு விசையை நான்கு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: பிரஷர் பிளேட் அழுத்தும் விசை, லைனிங்கின் உராய்வு எண், தட்டின் சராசரி ஆரம், தேயும் முகங்களின் எண்ணிக்கை. 380 மி.மீ. தட்டு ஒன்றுக்குச் சராசரி ஆரம் 145 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அழுத்தம் 18,000 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 1,800 கிலோ. உராய்வு எண் 0.28. முகங்கள் இரண்டு. பெருக்கினால் 1,460 நியூட்டன் மீட்டர் வருகிறது. 850 தரும் இன்ஜினுக்கு இது தாராளம். 1,100 தரும் இன்ஜினுக்கும் போதும் என்றுதான் தோன்றும்.

தட்டு சூடாகாத வரை! சாதாரண லைனிங் அளவுக்கு மீறிச் சூடானால் பிடிப்பை இழக்கும். 0.28 என்பது 0.20க்கு இறங்கினால் அதே கிளட்ச் தாங்குவது 1,040 மட்டுமே. 850 இன்ஜின் அப்போதும் பிழைத்துக்கொள்ளும். 1,100 இன்ஜின் வழுக்கத் தொடங்கும். வழுக்கினால் இன்னும் சூடு, இன்னும் சூடானால் இன்னும் வழுக்கல். காலையில் முதல் நடையில் ஒழுங்காக ஏறும் வண்டி, மதியம் ஐந்தாவது நடையில் கழுத்தறுப்பது இதனால்தான்.

சூடு எங்கிருந்து வருகிறது? நின்ற வண்டியைக் கிளப்பும்போது. சமதளத்தில், கிளட்ச் முழுவதும் பிடித்து முடிக்கும் நேரத்தில் வண்டிக்கு எவ்வளவு இயக்க ஆற்றல் கிடைத்ததோ, ஏறக்குறைய அதே அளவு ஆற்றல் தட்டில் சூடாகிக் கழிந்திருக்கும். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிப்படி கூடும். முதல் கியரில் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் கிளட்ச் பிடித்துக்கொள்கிறது, அவசரப்பட்டு மேல் கியரில் எடுத்தால் 10 கிலோமீட்டரில் பிடிக்கிறது என்றால், தட்டில் விழும் சூடு நான்கு மடங்கு. மேட்டில் அதற்கும் மேல். மேட்டில் பிரேக் போடாமல் ஆஃப் கிளட்சில் வண்டியைத் தாங்கி நிறுத்துவதோ சுத்தத் தற்கொலை. கடையில் எந்தத் தட்டு வாங்குவது என்று விசாரிக்கும் முன் ஓட்டுநர் எந்த கியரில் வண்டியை எடுக்கிறார் என்று விசாரிப்பது நல்லது. இதற்குக் காசும் செலவில்லை.

பழைய தட்டை எடைக்குப் போட்டுவிடக் கூடாது. இந்தக் கட்டுரையாளரைக் கேட்டால் பாதிப் பதில் அதில்தான் இருக்கிறது. லைனிங் சீராகத் தேய்ந்து ரிவெட் தெரிந்தால் தட்டு தன் ஆயுளை வாழ்ந்து முடித்தது என்று பொருள்; அதே அளவில் அதே ரகம் போட்டால் போதும். பிரஷர் பிளேட்டில் நீலத் திட்டுகளும் மயிரிழை விரிசல்களும் இருந்தால் அளவு மீறிய சூடு. லைனிங்கில் எண்ணெய் ஊறியிருந்தால் குற்றவாளி கிளட்ச் அல்ல. கிராங்க் ஷாஃப்டின் பின் சீல் அல்லது கியர்பாக்ஸின் முன் சீல். அதை மாற்றாமல் எவ்வளவு பெரிய தட்டு போட்டாலும் வழுக்கும். தட்டின் நடுவிலுள்ள சுருள் ஸ்பிரிங்குகள் உடைந்திருந்தால், குறைந்த ஆர்.பி.எம்.மில் மேல் கியரில் திணறத் திணற ஓட்டியிருக்கலாம், அல்லது பெடலை மடாரென்று விட்டிருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் ஃப்ளைவீலையும் கிளட்ச் ஃபோர்க்கையும் பார்க்க வேண்டும்.

உண்மையிலேயே முறுக்கு விசையும் பாரமும் கூடியிருக்கிறது, மேம்பட்ட கிளட்ச்தான் வழி என்றால் சந்தையில் மூன்று பாதைகள் உண்டு.

பெரிய விட்டம், கூடுதல் அழுத்தம், அதே சாதாரண லைனிங் என்பது முதல் பாதை. மென்மையாகப் பிடிக்கும். ஊருக்குள் நின்று நின்று ஓடும் வண்டிக்கு இதுவே சுகம். ஆனால் பெரிய தட்டுக்கு ஏற்ற ஃப்ளைவீலும், அதை மூடும் ஹவுசிங்கில் இடமும் வேண்டும். அழுத்தம் கூடினால் பெடலும் கனக்கும். காற்று பூஸ்டர் நல்ல நிலையில் இல்லாவிட்டால் ஓட்டுநரின் இடது முழங்கால் அதற்கு விலை கொடுக்கும்.

இரண்டாவது, ‘செராமிக் பட்டன்’ தட்டு. முழு வட்ட லைனிங்குக்குப் பதிலாக உலோகத் தூளும் செராமிக்கும் சேர்த்துச் சுட்ட சில வில்லைகள். சாதாரண லைனிங்கைவிடப் பிடிப்பு அதிகம். சூட்டுக்கும் எளிதில் மசியாது. குவாரிக்காரர்கள் இதன் மேல் மோகம் கொள்வதில் வியப்பில்லை. மோகத்துக்கு ஒரு விலை உண்டு. இந்தத் தட்டு மெல்லப் பிடிக்காது, ‘டக்’கென்று பிடிக்கும். அந்த அதிர்ச்சி கியர்பாக்ஸ், ஜாயின்ட் கிராஸ், கிரவுன்-பினியன் என்று பின்னால் ஓடும். ஃப்ளைவீலின் முகத்தையும் வேகமாக அரிக்கும். பழைய கிளட்ச் வழுக்கியபோது கியர்பாக்ஸைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்பது, வழுக்காத கிளட்ச் போட்ட பிறகுதான் பலருக்குத் தெரிகிறது. பள்ளத்திலிருந்து கிரஷர் வரை மட்டும் ஓடும் வண்டிக்கு இது சரி. வெள்ளிக்கிழமை மாலை கே.ஆர். புரம் நெரிசலில் நிற்கும் வண்டிக்குச் சரிப்படாது.

மூன்றாவது இரட்டைத் தட்டு. முகங்கள் இரண்டிலிருந்து நான்காவதால், அழுத்தத்தைக் கூட்டாமலே இருமடங்கு தாங்கும். அமெரிக்க நெடுஞ்சாலைகளின் ராட்சத லாரிகளில் செராமிக் வில்லைகள் வைத்த இரட்டைத் தட்டுதான் நெடுநாள் வழக்கம். ஆனால் நடுவில் இருக்கும் இரும்புத் தட்டின் சூட்டுக்குப் போக்கிடம் குறைவு. விலையும் பொருத்தும் வேலையும் அதிகம். இதை மனதில் வைத்து வடிவமைக்காத வண்டியில் மாற்றிப் போடுவது வீண் வம்பு.

எது வாங்கினாலும் தட்டு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒரே தயாரிப்பாளரின் செட்டாக வாங்குவதே மேல். பெரிய பெயர்கள் தொலைவில் இல்லை. லூக் கிளட்சுகள் ஓசூரில் தயாராகின்றன. சென்னை வட்டாரத்தில் அமால்கமேஷன்ஸ் குழுமம் வேலியோவுடன் சேர்ந்து தயாரிக்கிறது. குஜராத்தின் கலோலில் செட்கோ. கியர்பாக்ஸை இறக்குவதுதான் பெரிய கூலி. இறக்கிய கையோடு ஃப்ளைவீலை லேத்தில் கொடுத்து முகம் எடுத்து, பைலட் பேரிங்கையும் சீல்களையும் மாற்றாமல் மூடுவது, கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிடாமல் திரும்புவது மாதிரி.

பழைய தட்டுக்குப் புது லைனிங் அடித்துத் தரும் கடைகளும் உண்டு. பணமுடையில் அங்கே போவதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தளர்ந்த ஸ்பிரிங்கும் தேய்ந்த நடுப்பற்களும் அப்படியேதான் திரும்பி வருகின்றன. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்க வாய்ப்புண்டு. கம்ப்ரசர் காற்றால் ஹவுசிங்கை ஊதிச் சுத்தம் செய்வது ஒர்க்‌ஷாப்களில் இன்னமும் வழக்கம். சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோயில் சுரங்கத் தொழிலாளர்களைப் பறிகொடுத்த ஊரில் இது நடக்க வேண்டாம். ஈரத் துணியால் துடைத்தால் தூசி பறக்காது.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு அடை கொடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, எதிரே ஆள் இல்லாமல் பார்த்துக்கொண்டு, மேல் கியரில் கிளட்சை நிதானமாக விட வேண்டும். இன்ஜின் உடனே அணைந்தால் கிளட்ச் இன்னும் பிடிக்கிறது. அணையாமல் ஓடினால் உடனே பெடலை மிதித்துவிட வேண்டும். இரண்டாவது முறை செய்து பார்க்கக் கூடாது. பெடலின் ஃப்ரீ பிளே சரியாக இருக்கிறதா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் ரிலீஸ் பேரிங் எந்நேரமும் லேசாக அழுத்திக்கொண்டிருந்தால் நல்ல கிளட்சும் வழுக்கும். அதைச் சரிசெய்ய ஸ்பேனரும் கால் மணி நேரமும் போதும்.