பங்களா அலுமாரியில் ஒரு போத்தல்

கந்தப்பளைக் குளிரில் இருமல் பிடித்தால் கொத்தமல்லி அவித்துக் குடிக்கிறோம். விக்டோரியா மகாராணி காலத்துத் துரைமார் நம்பியது வேறு சரக்கு: குளோரோடைன்.

இந்தியாவில் பிரிட்டிஷ் படை மருத்துவராக இருந்த ஜோன் கொலிஸ் பிரவுண் வாந்திபேதிக்கென்று சேர்த்த மருந்து அது. 1856இல் அதன் செய்முறை லண்டன் மருந்து வியாபாரி டேவன்போர்ட்டின் கைக்குப் போனது. பிறகு விளம்பரம் பேசிய பேச்சே வேறு. வாந்திபேதி, வயிற்றோட்டம், இருமல், இழுப்பு, நரம்புவலி, தூக்கமின்மை, எல்லாவற்றுக்கும் அதே சொட்டு மருந்துதான்! ஃப்ரீமன் என்பவர் 'நானே கண்டுபிடித்தேன்' என்று போட்டிக்கு வர, 1864இல் விஷயம் நீதிமன்றம் ஏறியது. பிரவுண்தான் கண்டுபிடித்தவர் என்றார் நீதிபதி பேஜ் வூட். கம்பனிக்காரர்கள் விடுவார்களா? நீதிபதி சொன்னதையே பல வருஷம் விளம்பரத்தில் அச்சடித்தார்கள்.

போத்தலுக்குள் இருந்தவை முக்கியமாக அபின், குளோரோபோர்ம், கஞ்சாச் சாறு. அபின் குடலின் அசைவை மந்தமாக்கும், இருமலையும் அடக்கும். ஆகவே கேட்டது கேட்டதுதான். ஆனால் பலர் அதற்கு அடிமையானார்கள். அளவு மிஞ்சிச் செத்தவர்களும் உண்டு.

அதே காலத்துப் பீச்சம் மாத்திரை அவ்வளவு பொல்லாததல்ல. 1909இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் அதைச் சோதித்து வெளியிட்டது: கரியபோளம், இஞ்சி, சவர்க்காரம். பெட்டி ஒரு கினி பெறும் என்றது விளம்பரம். பழைய பிரிட்டிஷ் காசுக் கணக்கில் கினி ஒன்றுக்கு 1008 ஃபார்திங். உள்ளே இருந்த சரக்கின் விலையோ அரை ஃபார்திங்!