நோய்க்கடன் கேட்டு வருபவரிடம் நாம் கேட்க வேண்டியவை

வீட்டில் ஒருவர் வருத்தமாய் விழுந்தால், மருந்துக்கும் வாகனக் கூலிக்கும் கிடைத்த இடத்தில் காசு மாறுகிறோம். பின்பு ஊர்விட்டு ஊர் இடம்பெயர்கையில் துண்டுகளும் பற்றுச்சீட்டுகளும் தொலைந்துவிடுகின்றன. சில வருடங்களின் பின், முன்பின் தெரியாத ஒருவர் வாசலில் வந்து நின்று, "மனைவியின் ஒப்பரேசனுக்கு நீங்கள் வாங்கிய கடன், வட்டியோடு இவ்வளவு" என்கிறார். மானத்துக்குப் பயந்து விதைநெல்லுக்கு வைத்திருந்த காசையும் எடுத்துக் கொடுத்துவிடுகிறோம்.

கொடுக்குமுன் பொறுங்கள். கடன் உண்டென்று நிரூபிக்க வேண்டியவர் கேட்டு வருபவரே. உங்களிடம் பத்திரம் இல்லை என்பதால் அவர் சொல்வது உண்மையாகிவிடாது. அரசாங்க வைத்தியசாலையில், கட்டண வார்டு தவிர்ந்த ஏனைய சிகிச்சை இலவசம் என்பதையும் மறவாதீர்கள்.

அவரிடம் கேட்க வேண்டியவை:

1. நீங்கள் யார்? கடன் கொடுத்தவர் உங்களுக்கு எழுத்தில் அதிகாரம் தந்துள்ளாரா?

2. நான் கையொப்பமிட்ட பத்திரம் எங்கே?

3. முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, கட்டியது எவ்வளவு? எழுதித் தாருங்கள்.

இவற்றைக் காட்டும்வரை காசு கொடுக்க வேண்டாம். எந்தக் கடதாசியிலும் கையொப்பமிடவும் வேண்டாம். இதற்குக் காரணம் உண்டு. கடன் வழக்குக்கு 1871ஆம் ஆண்டின் சட்டமொன்று காலவெல்லை விதித்துள்ளது. பொதுவாக, வாய்ப்பேச்சில் பெற்ற கடனுக்கு 3 வருடம். எழுத்தில் பெற்றதற்கு 6 வருடம். காணி அடைமானத்துக்கு 10 வருடம். நீங்கள் ஒப்புக்கொண்டு இடும் ஒரு கையொப்பமோ, "இப்போதைக்கு இதை வையுங்கள்" என்று கொடுக்கும் சிறுதொகையோ பழைய கடனுக்குப் புது உயிர் கொடுத்துவிடலாம்.

வெற்றுப் புறோநோட்டில் ஒருபோதும் கையொப்பமிடாதீர்கள். தொகை எழுதாத நோட்டைக் கடனுக்கு ஈடாக வாங்குவது 1918ஆம் ஆண்டின் பணம் கடன்கொடுத்தல் கட்டளைச்சட்டப்படி குற்றமாகும்.

"பொலிசில் பிடித்துக் கொடுப்பேன்" என்று வெருட்டினால் அஞ்ச வேண்டாம். கடன் அறவிடுவது பொலிசாரின் வேலையல்ல. நீதிமன்றக் கட்டளையின்றி உங்கள் வீட்டுப் பொருளைத் தூக்கிச் செல்லவும் அவருக்கு உரிமையில்லை. தீர்ப்பு உங்களுக்கு எதிராக வந்தாலும்கூட, கமக்காரனின் பிழைப்புக்கு அவசியமென நீதிமன்றம் கருதும் மாடுகளையும் விதைநெல்லையும், அவனது கமக்கருவிகளையும் பறிமுதல் செய்யக் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை இடமளிப்பதில்லை.

ஆனால் நீதிமன்ற அழைப்பாணை வந்தால் கட்டாயம் போக வேண்டும். போகாவிட்டால் நீங்கள் இல்லாமலே தீர்ப்பாகிவிடும். காலவெல்லை கடந்துவிட்டது என்பதையும் நீங்களே மறுமொழியில் எடுத்துச் சொல்ல வேண்டும். நீதிபதி தானாகக் கேட்கமாட்டார். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள், 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளையை நாடலாம். சிறு தொகைப் பிணக்குகளைப் பிரதேச மத்தியஸ்த சபையில் பேசித் தீர்க்கலாம். வங்கி அல்லது பதிவுபெற்ற நிதிக் கம்பனியின் ஆட்கள் தொந்தரவு செய்தால், 2020இல் மத்திய வங்கி தொடங்கிய நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு எழுதி முறையிடலாம்.

இவையெல்லாம் வாங்கிய கடனை மறுப்பதற்கல்ல. உண்மையான கடனைத் தவணை பேசிக் கட்டுவதே நேர்மை. கட்டும்போது ஒவ்வொரு தடவையும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். ஏனெனில் கட்டி முடித்ததைக் காட்ட வேண்டியவர் நீங்கள். சீட்டுகளைப் பொலித்தீன் பையிலிட்டு, அடையாள அட்டையோடும் காணி உறுதியோடும் ஒன்றாக வையுங்கள். மறுபடி எழுந்து போக நேர்ந்தால் முதலில் எடுக்க வேண்டிய பை அது.