பழைய ஹோம் தியேட்டர் செட்டைக் கணினியுடன் இணைப்பது எப்படி?

டிவிடி வட்டுகள் வீட்டுக்கு வீடு இருந்த காலத்தில், தோட்டத்திலும் பட்டணத்திலும் பல குடும்பங்கள் தவணை கட்டியாவது ஒரு ஹோம் தியேட்டர் செட் வாங்கி வைத்தன. ஐந்து ஸ்பீக்கர்கள், ஒரு சப்வூஃபர் என்று வரவேற்பறையே அதிரும். இன்று வட்டுகளைத் தேடுவார் இல்லை. படம், பழைய பாட்டு, தேவாரம், மின்னல் எஃப்.எம். எல்லாமே கணினியில் கிடைக்கின்றன. செட்டோ துணி போர்த்தப்பட்டு மூலையில் கிடக்கிறது. அதைப் பழைய சாமான் லோரியில் ஏற்றுவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பெட்டி நல்ல நிலையில் இருந்தால், சில ரிங்கிட் விலையுள்ள ஒரு வயரைக் கொண்டே அதைக் கணினியுடன் இணைத்துவிடலாம். கடையில் விற்கும் சின்னஞ்சிறு கணினி ஸ்பீக்கர்கள் தரும் ஓசைக்கும் அதன் ஓசைக்கும் ஒப்பீடே இல்லை.

ஆனால், வயரை எங்கே செருகுவது, எங்கே செருகக்கூடாது என்பது தெரியாமல் இறங்கினால் சவுண்ட் கார்டு பழுதாகலாம். இரைச்சலை நிறுத்துவதற்காகச் சிலர் செய்யும் ஒரு காரியம் உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் பெட்டியின் பின்பக்கம்

ஹோம் தியேட்டர் என்று நாம் சொல்வதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, டிவிடி பிளேயரும் ஆம்பிளிஃபையரும் ஒரே பெட்டியில் சேர்ந்து வரும் செட். மற்றொன்று, ரிசீவர் எனப்படும் தனிப்பெட்டி. ரிசீவரில் ‘சிடி’, ‘டிவி’, ‘டேப்’, ‘ஆக்ஸ்’ என்று பல உள்வழிகள் வரிசையாக இருக்கும். டிவிடி செட்டில் பெரும்பாலும் ஓர் ‘ஆக்ஸ்’ உள்வழி மட்டுமே இருக்கும். சிலவற்றில் கூடுதலாக ஓர் ஆப்டிகல் உள்வழி இருக்கலாம்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். டிவிடி செட்டின் பின்னால் எச்.டி.எம்.ஐ. துளை இருப்பதைப் பார்த்தவுடன் கடைக்குப் போய் அந்த வயரை வாங்கி வந்துவிடுவார்கள். செருகிப் பார்த்தால் சத்தமே வராது. காரணம், அந்தத் துளைக்கு மேல் ‘அவுட்’ என்று எழுதியிருக்கும். அது டிவிடி படத்தைத் தொலைக்காட்சிக்கு அனுப்பும் வழி. கணினி ஒலியை உள்ளே வாங்கும் வழி அல்ல. ‘இன்’ என்று எழுதியுள்ள துளைதான் நமக்கு வேண்டியது. காசைச் செலவழிப்பதற்கு முன் ஒரு டார்ச் விளக்கை எடுத்து அந்த எழுத்தைப் படித்துவிடுங்கள்.

எல்லா வீட்டுக்கும் பொருந்தும் எளிய வழி

மேசைக் கணினியின் பின்னால் வண்ண வண்ணமாகச் சிறு துளைகள் இருக்கும். பி.சி. 99 என்ற வழிகாட்டியின்படி பச்சை நிறம் ஒலி வெளியே வரும் வழி. இளஞ்சிவப்பு மைக்குக்கு உரியது. வெளிர்நீலம் வெளியிலிருந்து ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் வழி. மடிக்கணினியில் நிறம் இருக்காது. காதில் மாட்டும் ஹெட்ஃபோனுக்கான துளையே போதும்.

தேவையான வயர், ஒரு முனையில் 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ பிளக்கும் மறுமுனையில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு ஆர்.சி.ஏ. பிளக்குகளும் கொண்டது. சிறிய முனையைப் பச்சைத் துளையில் செருகுங்கள். சிவப்பு, வெள்ளை முனைகளை ரிசீவரின் ‘ஆக்ஸ்’ அல்லது ‘சிடி’ உள்வழியில் நிறம் பார்த்துச் செருகுங்கள். ரிமோட்டில் அதே உள்வழியைத் தேர்ந்தெடுத்தால் பாட்டு வந்துவிடும்.

இரண்டு எச்சரிக்கைகள். ‘போனோ’ என்ற உள்வழியில் செருகவேண்டாம். அது பழைய இசைத்தட்டு பிளேயருக்கு உரியது. தட்டின் ஊசியிலிருந்து வருவது சில மில்லிவோல்ட் மட்டுமே என்பதால் அந்த வழி அதைப் பல மடங்கு பெருக்கும். கணினி ஒலி அதில் போனால் காது கிழியும், ஓசை உடைந்து கேட்கும். அடுத்து, ஸ்பீக்கர் வயர்கள் பொருத்தும் சிவப்பு, கறுப்பு இடுக்கிகளுக்கும் கணினிக்கும் எந்தத் தொடர்பும் ஏற்படுத்தக்கூடாது. அங்கிருந்து வருவது ஆம்பிளிஃபையரின் முழுச் சக்தி. சவுண்ட் கார்டு அதைத் தாங்காது. எந்த வயரைச் செருகுவதானாலும் ரிசீவரை அணைத்துவிட்டு அல்லது வால்யூமை முழுதாகக் குறைத்துவிட்டுச் செருகுங்கள்.

ஆப்டிகல் வழி

சில கணினிகளின் பின்னால் சின்னக் கதவு போல மூடிய சதுரத் துளை ஒன்று இருக்கும். உள்ளே சிவப்பு வெளிச்சம் தெரியும். தோஷிபா நிறுவனம் 1983ஆம் ஆண்டு கொண்டுவந்த டோஸ்லிங்க் வகை இணைப்பு இது. ஒலி மின்சாரமாக அல்லாமல் ஒளியாகப் பயணிப்பதால் கணினிக்கும் ரிசீவருக்கும் இடையே மின் தொடர்பே இருக்காது. இரைச்சல் தொல்லை உள்ள வீடுகளுக்கு இது பெரிய வரப்பிரசாதம். வயர் நுனியிலுள்ள சிறு பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிய பிறகே செருகவேண்டும். வயரைக் கூர்மையாக மடிக்கக்கூடாது.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். இந்த வழியில் சாதாரண ஒலி இரண்டு தடங்களாகத்தான் போகும். ஐந்து ஸ்பீக்கருக்கும் தனித்தனி ஒலி வேண்டுமென்றால், படத்திலுள்ள டால்பி டிஜிட்டல் அல்லது டிடிஎஸ் ஒலியைக் கணினி பிரிக்காமல் அப்படியே ரிசீவருக்கு அனுப்பவேண்டும். வி.எல்.சி. பிளேயரின் ஆடியோ அமைப்புகளில் ‘பாஸ்த்ரூ’ என்ற ஒரு தேர்வு உண்டு. அதை இயக்கினால் போதும். ரிசீவரின் முகப்பில் டால்பி அல்லது டிடிஎஸ் என்று எழுத்து எரிந்தால் வேலை முடிந்தது. யூடியூபில் கேட்கும் பெரும்பாலான பாடல்கள் இரு தட ஒலிதான் என்பதால் அவற்றுக்கு இந்த எழுத்து எரியாது. அது பழுது அல்ல.

எச்.டி.எம்.ஐ. வழி

ரிசீவரில் எச்.டி.எம்.ஐ. ‘இன்’ இருந்தால் அதுவே சிறந்த வழி. படமும் எட்டுத் தடங்கள் வரையிலான ஒலியும் ஒரே வயரில் போகும். கணினியிலிருந்து ரிசீவருக்கும், ரிசீவரின் ‘அவுட்’டிலிருந்து தொலைக்காட்சிக்கும் வயர் போடவேண்டும். இதில் கவனிக்க வேண்டியது: ஒலி இப்போது சவுண்ட் கார்டு வழியாக அல்ல, கிராஃபிக்ஸ் கார்டு வழியாக வருகிறது. ஆகவே விண்டோஸில் ஒலி வெளியேறும் சாதனத்தை மாற்றவேண்டும். திரையின் வலது கீழ் மூலையிலுள்ள ஸ்பீக்கர் படத்தை அழுத்தி, ரிசீவரின் பெயரையோ தொலைக்காட்சியின் பெயரையோ தேர்ந்தெடுங்கள். ‘எல்லா வயரும் சரி, சத்தம்தான் இல்லை’ என்ற புலம்பலில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும்.

தொடக்க கால ரிசீவர்கள் சில, எச்.டி.எம்.ஐ. வழியாகப் படத்தை மட்டும் தொலைக்காட்சிக்குக் கடத்தும், ஒலியைத் தொடாது. அப்படிப்பட்ட பெட்டியில் படத்துக்கு எச்.டி.எம்.ஐ., ஒலிக்கு ஆப்டிகல் என்று இரண்டு வயர் போட்டுக்கொள்ளலாம்.

பாட்டு கேட்கிறது, வசனம் கேட்கவில்லையே?

வீட்டுப் பெரியவர்கள் அடிக்கடி சொல்லும் குறை இது. சண்டைக் காட்சியில் சுவர் அதிர்கிறது, அம்மா பேசும் வசனம் மட்டும் காதில் விழவில்லை என்பார்கள். அவர்களுக்குக் காது மந்தம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பல வீடுகளில் குறை அமைப்பில்தான் இருக்கிறது.

ஐந்து ஸ்பீக்கர் ஒலியில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கே அனுப்பப்படுகிறது. கணினியில் நடுத் தடத்துக்கு உரியது ஆரஞ்சுத் துளை. விண்டோஸில் ஸ்பீக்கர் அமைப்பு 5.1 என்று இருந்து, நீங்கள் பச்சைத் துளையில் மட்டும் வயர் போட்டிருந்தால், வசனம் எதுவும் செருகப்படாத ஆரஞ்சுத் துளைக்குப் போய் வீணாகிறது. பச்சையில் வருவது பின்னணி இசை மட்டுமே. விண்டோஸின் சவுண்ட் அமைப்புக்குப் போய் ‘ஸ்டீரியோ’ என்று மாற்றுங்கள். வசனமும் இசையும் கலந்து இரண்டு தடத்திலும் வரும். பிறகு ரிசீவரில் ‘டால்பி ப்ரோ லாஜிக்’ இருந்தால் அதை இயக்குங்கள். இரு தட ஒலியிலிருந்து வசனத்தைப் பிரித்து அது நடு ஸ்பீக்கருக்கு அனுப்பும். நடு ஸ்பீக்கரின் அளவை மட்டும் சற்றே கூட்டிவைத்தால், தாத்தா பாட்டி ஒவ்வொரு வசனத்துக்கும் ‘என்ன சொன்னான்?’ என்று கேட்க வேண்டியிருக்காது.

வால்யூமுக்கும் ஒரு முறை இருக்கிறது. கணினியில் ஒலியளவை எண்பது, தொண்ணூறு விழுக்காட்டில் நிலையாக வைத்துவிட்டு, கூட்டுவதையும் குறைப்பதையும் ரிசீவரிலேயே செய்யுங்கள். கணினியில் குறைவாகவும் ரிசீவரில் மிக அதிகமாகவும் வைத்தால் ‘ஸ்ஸ்’ என்ற ஓசையும் சேர்ந்து பெரிதாகும்.

‘உம்ம்’ என்ற இரைச்சலும் எர்த் பின்னும்

வயரைச் செருகியதும் ‘உம்ம்’ என்று ஓர் அடித்தொனி இடைவிடாமல் கேட்கிறதா? கணினிக்கும் ரிசீவருக்கும் எர்த் தொடர்பு இரண்டு வழிகளில் கிடைப்பதால் வரும் சுழற்சி இது. எடுத்துக்காட்டாக, கணினி தன் மூன்று பின் பிளக் வழியாக எர்த் பெறுகிறது. ரிசீவரோ ஆஸ்ட்ரோ டிஷ் அல்லது ஏரியல் வயர் வழியாகப் பெறுகிறது. இரண்டுக்கும் நடுவே நம் ஒலி வயரின் உறையில் மெல்லிய மின்னோட்டம் ஓட, ரிசீவர் அதையும் பெருக்கிக் காட்டுகிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இரைச்சலும் அதே அடித்தொனியில் இருக்கும்.

கண்டுபிடிக்கும் முறை எளிது. மடிக்கணினியாக இருந்தால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் காரணம் இதுதான். மேசைக் கணினியாக இருந்தால் ரிசீவருடன் சேர்ந்துள்ள ஆஸ்ட்ரோ அல்லது ஏரியல் வயரைச் சற்று நேரம் கழற்றிப் பாருங்கள். பிறகு எல்லாச் சாதனங்களையும் ஒரே சுவர் சுவிட்சிலிருந்து மின்சாரம் பெறும்படி மாற்றுங்கள். அதுவும் உதவாவிட்டால் ‘கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்’ என்ற சிறு கருவியை ஒலி வயருக்கு நடுவே பொருத்தலாம். கோலாலம்பூர் புடு ஜாலான் பாசார், சிங்கப்பூர் சிம் லிம் டவர் போன்ற மின்னணுப் பொருள் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். ஆப்டிகல் வழி இருந்தால் அதற்கு மாறுவதே முழுத் தீர்வு.

செய்யவே கூடாத ஒன்று இருக்கிறது. பிளக்கின் எர்த் பின்னை வெட்டுவது அல்லது உள்ளே எர்த் வயரைக் கழற்றிவிடுவது. ‘அதை எடுத்துவிட்டால் சத்தம் நின்றுவிடும்’ என்று யாராவது யோசனை சொல்வார்கள். சத்தம் நிற்கலாம். ஆனால், கணினிக்குள் மின்சார வயர் ஒன்று நைந்து இரும்புப் பெட்டியைத் தொட்டால், அந்த மின்சாரத்தை மண்ணுக்குக் கொண்டுபோய் ஃபியூசை எரியச் செய்வது அந்த எர்த் வயர்தான். அது இல்லாவிட்டால் பெட்டி முழுவதும் 230 வோல்ட் நின்று, தொடப்போகும் கைக்குக் காத்திருக்கும். ஒலி வயர் வழியாக அது ரிசீவருக்கும் பரவும். வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் நிற்கும் பிள்ளை அதைத் தொட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

பழைய குடியிருப்புகளில் எர்த் இணைப்பே சரியாக இல்லாமல் இருக்கலாம். கணினிப் பெட்டியைத் தொடும்போது ‘சுரீர்’ என்று இருந்தால் அதை அலட்சியம் செய்யாமல் உரிமம் பெற்ற ஒயர்மேனை அழைத்துச் சோதியுங்கள்.

இடி மின்னலும் ஒரு கவலை

இடி மின்னல் அதிகம் விழும் நாடுகளில் நம் நாடும் ஒன்று. கணினியும் ரிசீவரும் இணைந்துவிட்டால், ஒன்றைத் தாக்கும் மின்னழுத்தம் மற்றொன்றையும் தாக்கும். மழை இருட்டும்போதே பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. மோடத்திலிருந்து வரும் வயரையும் ஏரியல் வயரையும் கழற்ற மறக்கவேண்டாம். இடி முழங்கத் தொடங்கிய பிறகு இவற்றில் கை வைக்காதீர்கள்.

கடைக்குப் போகும் முன்

கணினியின் பின்பக்கத்தையும் ரிசீவரின் பின்பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தைக் கயிறு வைத்து அளந்து, ஒரு மீட்டர் கூடுதலாக வாங்குங்கள். இரண்டு படத்தையும் காட்டினால் கடைக்காரரே சரியான வயரை எடுத்துக் கொடுத்துவிடுவார். விலை அதிகமான வயர்தான் நல்ல ஓசை தரும் என்ற பேச்சுக்கு மயங்கவேண்டாம். முனை இறுக்கமாகப் பொருந்தும் சாதாரண வயரே வீட்டுக்குப் போதும். மீதிக் காசை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.