புழுவுக்கும் நோய் வரும்

கொண்டைக்கடலையில் காய்ப்புழுவுக்கு என்.பி.வி. வைரஸ் கரைசலை அடித்துவிட்டு, 'ரெண்டு நாளாச்சு, இன்னும் சாகலையே' என்று தவித்தவன் நான். ஒரு வாரத்துக்குள் புழுக்கள் செடி நுனியில் தலைகீழாகத் தொங்கின. இதே மாதிரி நோய் ஒரு காட்டையே காப்பாற்றிய கதையை அப்புறம்தான் படித்தேன்.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில், ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரங்களை ரம்ப ஈயின் புழுக்கள் மொட்டையடிப்பதை 1930-ல் கண்டார்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த பூச்சி அது. பேர்தான் ஈ, குளவிக்குச் சொந்தம். ரம்பம் போன்ற உறுப்பால் ஊசியிலையைக் கீறி முட்டை வைக்கும்.

அதை அடக்க ஐரோப்பாவிலிருந்தே ஒட்டுண்ணிப் பூச்சிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அவற்றோடு ஒரு வைரஸும் தெரியாமல் சேர்ந்து வந்துவிட்டது என்கிறார்கள். நோயுற்ற புழுவின் எச்சம் பட்ட இலையைத் தின்ற புழுவுக்கும் அதே நோய். 1940-களின் தொடக்கத்துக்குள் புழுக்கூட்டம் சரிந்தது.

அந்த வைரஸ் நம்ம காய்ப்புழுவைத் தொடாது. ஒவ்வொரு புழுவுக்கும் அதற்கான வைரஸ் தனி. ஆனால் பரவும் விதம் ஒன்றுதான். அதனால் கரைசலைப் புழு சின்னதாக இருக்கும்போதே, சாயங்காலத்தில் அடிங்க. தொங்கும் புழுவைப் பறித்து எறியாதீங்க. அடுத்த புழுவுக்கு அதுதான் மருந்து. விஷத்தைத் தேடிக் கை பரபரக்கும். ஒரு வாரம் பொறுங்க.