மாலுக்குப் போற வழியில நாம தாண்டிப் போற தியேட்டர்

பட்ஜெட் பத்தி நம்ம சேனல்ல பேசும்போதெல்லாம் "முதல்ல அவுட்டிங் செலவை நிறுத்துங்க"ன்னு சொல்லியிருக்கேன். அதை இன்னிக்கு கொஞ்சம் வாபஸ் வாங்கிக்கறேன்.

காரணம் என் வீடுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்க நாலு பேர் மாலுக்குப் போய் ஒரு படம் பார்த்துட்டு வந்தோம். ராத்திரி உட்கார்ந்து கூட்டினா 3,242 ரூபாய். உடனே மூணு மாசத்துக்கு அவுட்டிங்கே கிடையாதுன்னு அறிவிச்சுட்டேன். ரெண்டாவது மாசம் அம்மா கேட்டாங்க: "வாரம் முழுக்க இந்த நாலு சுவரைத்தான் பார்க்கறேன். ஞாயித்துக்கிழமையும் அதேதானாடா?" அப்பா போனதுக்கு அப்புறம் அம்மா எங்களோடதான் இருக்காங்க. என் எக்ஸெல் ஷீட்ல அதுக்கு ஒரு காலம் போடலை.

சரின்னு பழைய பில்லை எடுத்துப் பிரிச்சுப் பார்த்தேன். டிக்கெட் நாலும் 760. ஆன்லைன் புக்கிங் கட்டணம் 142. பாப்கார்ன், கூல்டிரிங்க்ஸ் 980. ஃபுட் கோர்ட் 1,240. பார்க்கிங் 120. கவனிச்சீங்களா? எந்தப் படத்துக்காகப் போனோமோ அந்தப் படத்துக்கு ஆன செலவு மொத்தத்துல கால் பங்கு கூட இல்லை. மீதி எல்லாம் அந்த இடத்துக்குப் போனதுக்காக ஆன செலவு. நிறுத்த வேண்டியது படத்தை இல்லை, அந்த இடத்தைத்தான்.

எங்க வீடு கே.கே. நகர் பக்கம். எங்க ஏரியாவுல தியேட்டர்னா ஒரு காலத்துல அசோக் நகர் உதயம்தான். 1983-ல திறந்தது, 2024-ல மூடிட்டாங்க. மூடின செய்தி வந்தப்போ எல்லாரையும் போல நானும் ஸ்டேட்டஸ் போட்டேன். ஆனா கடைசியா அங்க டிக்கெட் எடுத்து பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்த சிக்னலைத் தாண்டித்தான் மாலுக்குப் போயிட்டு இருந்தேன்!

இப்போ வீட்டுல இருந்து நடந்து போற தூரத்துல இருக்கற ஒரு பழைய தியேட்டருக்குப் போறோம். கவுன்டர்ல டிக்கெட் எடுத்தா புக்கிங் கட்டணமும் கிடையாது, அதுக்கு மேல போடற 18% ஜிஎஸ்டியும் கிடையாது. இன்னொரு விஷயம், 100 ரூபாய் வரைக்கும் உள்ள டிக்கெட்டுக்கு இருந்த 12% ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22-ல இருந்து 5% ஆயிடுச்சு. 100-ஐத் தாண்டினா 18% தான். பழைய தியேட்டர்கள்ல முன்வரிசை டிக்கெட் பல இடத்துல இந்த 100-க்குள்ளயே வந்துடும்.

உண்மையைச் சொல்லணும்ல? சீட்டு மால் மாதிரி சாயாது. ஏசி ஒரு மூலையில குளிரும், இன்னொரு மூலையில வராது. முதல் தடவை முகம் சுளிச்ச என் மனைவி, இப்போ குளிர்ற மூலையைக் கண்டுபிடிச்சு வெச்சிருக்காங்க. இன்டர்வெல்ல டீ, சமோசா கட்டாயம் வாங்குங்க. டிக்கெட் காசுல ஒரு பங்கு விநியோகஸ்தருக்குப் போயிடும். கேன்டீன் வருமானம்தான் தியேட்டர்காரருக்குப் பெரிய ஆதரவு. குடிதண்ணிக்கு மட்டும் காசு கொடுக்காதீங்க. தியேட்டர்ல சுத்தமான குடிநீர் இலவசமா வைக்கணும்னு 2023-ல உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு.

சாப்பாட்டுக் கடை கண்டுபிடிக்கறதுக்கு ஆப் ரேட்டிங்கை நான் நம்பறதில்லை. சாயங்காலம் ஏழு மணிக்கு தெருவுல நடங்க. எந்தக் கடைக்கு ஜனங்க வீட்டுல இருந்து தூக்குச்சட்டி எடுத்துட்டு வந்து சாம்பார் வாங்கிட்டுப் போறாங்களோ, அங்க போங்க. இல்லைன்னா அயன்காரர்கிட்ட கேளுங்க. எங்க தெரு அயன்காரர் சொல்லித்தான் ரெண்டாவது சந்துல இருக்கற அடைக்கடை எங்களுக்குத் தெரிஞ்சுது. அந்த ஏரியாவுல குடியிருந்தது ஆறு வருஷம்!

பில்லையும் ஒரு பார்வை பாருங்க. காம்போசிஷன் திட்டத்துல இருக்கற சின்ன ஹோட்டல், வாடிக்கையாளர்கிட்ட ஜிஎஸ்டி தனியா வசூலிக்கக் கூடாது. அவங்க 5% வரியைத் தங்களோட வியாபாரத்துல இருந்துதான் கட்டணும். ஜிஎஸ்டி பதிவே இல்லாத கடையும் அப்படித்தான், வரின்னு ஒரு பைசா வாங்க முடியாது. பில்லுல ஜிஎஸ்டி நம்பர் இல்லாம வரி மட்டும் இருந்தா, "அண்ணே, நம்பர் எங்க?"ன்னு மரியாதையா கேளுங்க. சர்வீஸ் சார்ஜை தானா சேர்க்கக் கூடாதுங்கற விதியை டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சுல உறுதி பண்ணியிருக்கு. எங்க அடைக்கடையில இந்தத் தொல்லையே இல்லை. பேப்பர்ல பேனாவால கூட்டித் தர்ற பில்லுதான்.

போன மாசக் கணக்கு: டிக்கெட் 520, டீ சமோசா 160, நாலு பேர் சாப்பாடு 430. மொத்தம் 1,110. மிச்சம் 2,132 ரூபாய். உடனே "இதை இருபது வருஷம் எஸ்ஐபி போட்டா எவ்வளவு தெரியுமா?"ன்னு ஆரம்பிப்பேன்னு எதிர்பார்த்திருப்பீங்க. இல்லை. அந்தப் பணத்துல மாசத்துல இன்னொரு ஞாயிறும் வெளிய போறோம். அதுக்கு மேல மிஞ்சறது ஆயிரத்துச் சொச்சம், அதுதான் பாப்பா பேர்ல போடற ஆர்டிக்குப் போகுது.

போகப் போறீங்கன்னா மேட்னிக்குப் போங்க. அடைக்கடையில எட்டு மணிக்கெல்லாம் மாவு தீர்ந்துடும். ஈவ்னிங் ஷோ முடிஞ்சு ஓடிப் போய் ரெண்டு தடவை வெறும் இட்லியோட திரும்பியிருக்கோம்.