பெரோவ்சுகைட்டு நானோபடிகங்களின் நிலைப்புத்தன்மை

பெரோவ்சுகைட்டு நானோபடிகங்களின் நிலைப்புத்தன்மை என்பது, ஒளியுமிழ் இருமுனையங்களிலும் திரைகளிலும் பயன்படுத்த ஆராயப்படும் சீசியம் ஈய ஆலைடு நானோபடிகங்கள் தம் நிறத்தையும் ஒளிர்வையும் இழக்காமல் நிலைத்திருக்கும் தன்மையைக் குறிக்கும். பெரோவ்சுகைட்டு என்பது 1839-இல் உருசியாவின் உரால் மலைப்பகுதியில் கண்டறியப்பட்ட ஒரு கனிமத்தின் பெயராகும். அதன் படிக அமைப்பைக் கொண்ட பிற சேர்மங்களும் இப்பெயரால் அழைக்கப்படுகின்றன.

நிறமும் ஆலைடு அயனிகளும்

2015-இல் சூரிச்சு நகரில் மக்சிம் கோவலென்கோ குழுவினர் இப்படிகங்களை 4 முதல் 15 நானோமீட்டர் அளவில் உருவாக்கினர். அதே ஆண்டில் புனேயிலுள்ள இந்திய அறிவியல் கல்வி, ஆய்வு நிறுவனத்தின் அங்சுமன் நாக் குழுவினரும் சீசியம் ஈய புரோமைடு நானோபடிகங்களின் ஒளிர்வு குறித்த ஆய்வை வெளியிட்டனர். பொதுவாகக் குளோரைடு நீலமாகவும் புரோமைடு பச்சையாகவும் அயோடைடு சிவப்பாகவும் ஒளிரும். உருவாக்கிய பின்னரும் நிறத்தை மாற்றலாம். பச்சையாக ஒளிரும் கரைசலில் அயோடைடு அயனிகளைச் சேர்த்தால், அவை புரோமைடின் இடத்தைப் பிடிக்க, ஒளிர்வு சிவப்பை நோக்கி நகரும். இதற்கு அறை வெப்பநிலையே போதும்.

சிக்கல்

நிறத்தை மாற்ற உதவும் இதே எளிமைதான் கருவிகளில் குறையாகிறது. பச்சைப் படிகமும் சிவப்புப் படிகமும் அருகருகே இருந்தால் ஆலைடு அயனிகள் இடம்பெயர்ந்து, இரண்டும் இடைப்பட்ட நிறத்தை நோக்கி நகர்கின்றன. வெப்பம் இதை விரைவுபடுத்தும். படிகத்தில் ஆலைடு இல்லாத வெற்றிடங்களே அயனிகள் தாவிச் செல்லும் படிகளாகும். மேற்பரப்பைப் போர்த்தியிருக்கும் ஒலெயிக் அமிலம், ஒலெயில் அமீன் ஆகிய ஈந்தணைவிகள் தளர்வாகவே பிணைந்துள்ளன. அவை விலகும்போது புதிய வெற்றிடங்கள் தோன்றலாம்.

ஈரப்பதம் மற்றோர் எதிரி. இவை உப்பை ஒத்த அயனிச் சேர்மங்கள் ஆதலால், காரைக்கால் போன்ற கடலோரங்களின் ஈரக்காற்றில் உறையில்லாப் படலம் எளிதில் சிதையும். சிதைந்தால் ஒளி மங்குவதோடு, நச்சுத்தன்மையுள்ள ஈயமும் வெளியேறக்கூடும்.

தீர்வு முயற்சிகள்

சிலிக்கா அல்லது பல்லுறுப்பி உறை ஈரத்தைத் தடுக்கும். ஆனால் இவ்வுறைகள் பெரும்பாலும் மின்காப்பிகள். எனவே நீல விளக்கின் மேல் நிறமாற்றுப் படலமாக வைக்க இம்முறை ஏற்றது. மின்னோட்டத்தால் படிகமே ஒளிர வேண்டிய கருவிக்கு அவ்வளவாக உதவாது.

ஈந்தணைவிகளை மேற்பரப்பில் அசையாமல் நிறுத்துவது மற்றொரு வழி. நேர், எதிர் மின்னேற்றங்கள் இரண்டையும் ஒருங்கே கொண்ட மூலக்கூறுகளைக் கோவலென்கோ குழுவினர் 2018-இல் பயன்படுத்தினர். பெங்களூரு நானோ மற்றும் மென்பொருண்ம அறிவியல் மையத்தில் பிரலாய் சாந்த்ரா குழுவினர் 2020-களில் ஆர்கான்–ஆக்சிசன் பிளாசுமாவைக் கையாண்டனர். இதனால் ஈந்தணைவிகள் தம்முள் பிணைந்து, அயனி இடப்பெயர்வின் வேகம் குறைந்தது.

2018-இல் சப்பானின் யமகத்தா பல்கலைக்கழகத்தார் புரோமைடு படிகங்களை அயோடைடு பரிமாற்றத்தால் சிவப்பாக்கி, 21.3 விழுக்காடு புறக் குவாண்டம் திறன் கொண்ட ஒளியுமிழ் இருமுனையத்தைச் செய்தனர். அக்கருவியின் ஆயுள் மணிக்கணக்கிலேயே அளக்கப்பட்டது.